கைப்பிடி அரிசிக் கணக்கு

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.
போன அறுப்பின் பண்டிகை தொடங்கி இன்று வரை
பெண்கள் ஐக்கியத்தின் நீலப் பீப்பாயில் விழுந்தது
நானூற்றுப் பதினோரு கிலோ.
உலை வைக்குமுன் எடுத்துவைத்த ஒவ்வொரு பிடி.
பொன்னி, ரேஷன் புழுங்கல்,
யார் வீட்டிலிருந்தோ வந்த பாசுமதி,
எல்லாம் ஒரே குவியல்.
கடைத்தெரு ஓட்டல்காரர் இட்லிக்கென்று
கிலோ இருபத்தெட்டுக்கு அள்ளிக்கொண்டார்.
பதினோராயிரத்து ஐந்நூற்றெட்டு ரூபாய்.
மலாவிக்கு டிக்கெட் ஐம்பத்தெட்டாயிரம்.
என் ஸ்கூட்டி போன விலை இருபத்தோராயிரம்.

மிச்சத்துக்காகத்தான் மைக் முன்னால் நிற்கிறேன், எப்சிபா.
பொறையாற்றில் பதினாறு வருடம்
பிள்ளைகளின் தலையை முதலில் தொட்ட கை
காசு கேட்க நீளும்போது நடுங்குகிறது.

ஆயத்தம் என்றால் உபவாசமும் ஜெபமும் என்றிருந்தேன்.
அப்பா பெயர் ஆதாரில் தவமணி,
சான்றிதழில் தவசிமணி;
அதைத் திருத்த நான்கு முறை தஞ்சாவூர்.
டைபாய்டு ஊசி போட்ட தோள் கனக்க
பஸ்ஸில் நின்றபடியே சொற்கள்:
தண்ணீருக்கு மட்சி, அரிசிக்கு ம்புங்கா,
நன்றிக்கு சிக்கோமோ.
"முக்கும்மா" என்பதற்கு மட்டும் சொல் கேட்டால்
போனில் அந்த ஊர் நர்ஸ் சிரிக்கிறாள்:
"வலியில் இருக்கிறவளே சொல்லித்தருவாள், வா."
போதிக்கப் போகிறேன் என்று நினைத்தவளுக்கு
அதுதான் முதல் பாடம்.

இதுவரைதான் எழுதிவைத்திருந்தேன்.
கடைசி பெஞ்சிலிருந்து பேராசீர்வாதம் எழுந்தார்.
"நம்ம கடைமடைக்கே தண்ணி வரல.
நம்ம ஆஸ்பத்திரியிலயே நைட்டுக்கு நர்ஸ் இல்ல.
இவ கடல் தாண்டிப் போறாளாம்."

ஐயர் தொண்டையைச் செருமினார்.
ஃபேன் சுற்றும் சத்தம்.
அவர் சொன்னதில் பொய் இல்லை.
நைட்டுக்கு நர்ஸ் இல்லைதான்,
இனி நானும் இல்லை.

காகிதத்தை மடித்தேன். வாயில் வந்தது இது:
"வைகாசிக் கடைசியில் திறந்த மேட்டூர்த் தண்ணி
நமக்கு ஆடி பிறந்துதான் வந்துச்சு, அண்ணே.
மதகுல நீங்க ராத்திரியெல்லாம் படுத்துக் கிடந்தீங்க.
மேல இருக்கிற ஊர்க்காரன் பேரு உங்களுக்குத் தெரியாது.
அவனுக்கும் உங்க பேரு தெரியாது.
தன் வயல் முழுக்க நனையுமுன்ன
அவன் பலகையைத் தூக்கினான்.
தூக்கலன்னா நம்ம நாத்து?
எனக்கு மேல நீங்க இருக்கீங்க.
எனக்குக் கீழயும் ஒரு கடைமடை இருக்கு."

அவர் உட்கார்ந்தார்.
ஒத்துக்கொண்டாரா, முழங்கால் வலியா,
தெரியவில்லை.

பிறகு ஏலம்.
வாத்து முட்டை ஒன்று பத்து ரூபாயில் ஆரம்பித்து
நானூறுக்குப் போனது.
எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம்.
ஏழாவது முறை
தூக்கிக் காட்டிய சிறுவன் கையிலேயே உடைந்தது.
சட்டையெல்லாம் மஞ்சள்,
கோயிலெல்லாம் சிரிப்பு.
அறுபது ரூபாய் பூசணிக்காய் மூவாயிரம்.
தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்ட நவரோசா
கழற்றித் தந்த மெட்டிக்கு இரண்டாயிரத்து நூறு.
மொத்தம் பதினாறாயிரத்து நானூறு.
பேராசீர்வாதம் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை.

பாய் சுருட்டும் நேரத்தில் வந்தார்.
"அங்க ஆறு உண்டா?"
"பெரிய ஏரி இருக்காம், அண்ணே. கடல் மாதிரி."
"நெல்லு போடுறாங்களா?"
"போடுறாங்களாம்."
"ம்."

வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிடி எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
அரிசியல்ல. உமி போகாத விதைநெல்,
ஈரம் காட்டாமல் வைத்திருந்தது.
பீப்பாயில் கலக்க முடியாது.
ஓட்டல்காரர் எடுக்கமாட்டார்.
விமானத்தில் விடமாட்டார்கள்.
அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இரவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
கடைசியில் இப்படி எழுதினேன்:
பேராசீர்வாதம், ஒரு பிடி, குத்தாதது.
தொகைக்குரிய இடத்தை
வெறுமனே விட்டிருக்கிறேன்.

இன்னும் வேண்டியது
ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.